எண் யார் கையில், கணக்கு அவர் கையில்

கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை 2023 ஜூலை 24 அன்று தருமபுரி மாவட்டம் தொப்பூரில்தான் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார். அந்தப் பதிவின்போது சரிபார்க்கப்பட்டவற்றை இன்று நிதானமாக எண்ணிப் பார்த்தால், ஒரு குடும்பத்தைப் பற்றிய ஏறக்குறைய எல்லா விவரமும் ஓரிடத்தில் சேர்ந்தது புரியும். ஆதார், குடும்ப அட்டை, மின் இணைப்பு, வங்கிக் கணக்கு, ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கிறதா, நன்செய் ஐந்து ஏக்கருக்குள்ளா, புன்செய் பத்து ஏக்கருக்குள்ளா, ஆண்டு மின்நுகர்வு 3,600 யூனிட்டைத் தாண்டுகிறதா, வீட்டில் கார் உண்டா என்பதெல்லாம் அதில் அடக்கம். இவற்றோடு ஒரு கைபேசி எண்ணும் இருந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஒரு கோடியே ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்குப் பணம் வரத் தொடங்கியபோது, விண்ணப்பம் தள்ளப்பட்டவர்களுக்கு அதன் காரணம் அந்த எண்ணுக்குத்தான் குறுஞ்செய்தியாகப் போனது. முப்பது நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக மேல்முறையீடு செய்யலாம் என்ற வாய்ப்பும் அதைப் பொறுத்தே இருந்தது. எண் தன் கையில் இருந்த பெண் செய்தியைத் தானே பார்த்தார். மகன் எண்ணையோ, பக்கத்து வீட்டார் எண்ணையோ, ரீசார்ஜ் செய்யாமல் விட்டுப்போன பழைய எண்ணையோ எழுதிக் கொடுத்தவர், தன் விண்ணப்பத்தின் கதியைப் பிறர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இணையக் கணக்குகளில் சொந்தத் தகவலைக் காப்பது பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் செட்டிங்ஸில் தொடங்குவார்கள். வாட்ஸ்அப்பில் இதை அணையுங்கள், முகநூலில் அதைப் பூட்டுங்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவார்கள். ஓர் ஆளுக்கு ஒரு போன், ஒரு போனுக்கு ஒரு கணக்கு, அந்தக் கணக்கைத் தொடங்கியவரும் அவரே என்ற கணக்கில் எழுதப்பட்டவை அவை. தருமபுரி மாவட்டத்தின் நிலை அப்படி இல்லை. 2011 கணக்கெடுப்பில் இங்கே எழுத்தறிவு 68.54 சதவீதம். தமிழ்நாட்டு மாவட்டங்களில் இதுவே கடைசி. பெண்களில் அது அறுபதைக்கூட எட்டவில்லை. மக்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் கிராமத்தவர். பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்து ஊர்களிலிருந்து பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போனவர்கள் வீட்டுக்கு வீடு உண்டு. ஒரே போனை மூன்று பேர் பயன்படுத்துகிறார்கள். அதில் உள்ள ஜிமெயிலைக் கடைக்காரர் தொடங்கியிருப்பார். பாஸ்புக்கில் இருக்கும் எண் பெங்களூரில் இருக்கும் மகனுடையது. இந்த நிலையில் வாட்ஸ்அப்பில் புரொஃபைல் படத்தை மறைப்பதால் மட்டும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. முதல் வேலை, ஒவ்வொரு கணக்கும் எந்த எண்ணில் நிற்கிறது, அந்த எண் யார் கையில் இருக்கிறது என்பதைக் கண்டறிந்து அதைத் தன் கைக்குக் கொண்டுவருவது. செட்டிங்ஸ் அதற்கு அடுத்ததுதான். இந்த அத்தியாயம் அந்த வரிசையில் போகிறது.

கைபேசி எண்ணுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? கடவுச்சொல் மறந்துபோனால் கூகுள் கேட்பது எண்ணை. வாட்ஸ்அப் கணக்கு என்பதே எண்தான். வங்கி, யுபிஐ, ஆதார், டிஜிலாக்கர், சமையல் எரிவாயு, பிஎம் கிசான், விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் எல்லாம் ஓடிபி அனுப்புவது எண்ணுக்கு. ஆக, எண்ணை வைத்திருப்பவர் மற்ற எல்லாவற்றையும் திறந்துகொள்ளலாம். ஆனால் அந்த எண்ணோ நிரந்தரச் சொத்து இல்லை. ரீசார்ஜ் நின்றுபோய்த் துண்டிக்கப்பட்ட எண்ணை, குறைந்தது 90 நாள் கழித்து நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். இது குறித்து ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 நவம்பரில் அதைத் தள்ளுபடி செய்த நீதிமன்றம், பழைய எண்ணோடு சேர்ந்த வாட்ஸ்அப் கணக்கை நீக்குவதும், அதில் உள்ள தரவை அழிப்பதும் பழைய சந்தாதாரரின் பொறுப்பு என்று சொல்லிவிட்டது. ஆஃபருக்காகச் சிம்மை மாற்றும் பழக்கம் உள்ள இடத்தில் இந்தத் தீர்ப்பின் கனம் பெரிது. பழைய எண்ணைத் தூக்கிப்போட்டால் வங்கிக் கணக்குக்கான ஒரு வழியையும் சேர்த்துத் தூக்கிப்போட்டதாக ஆகிறது. முன்பின் தெரியாத ஒருவர் அந்த எண்ணை வாங்கும் நாளில், உங்கள் பெயருக்கு வரும் குறுஞ்செய்தி அவருக்குப் போகும்.

ஆகவே எண் மாற்றுவதாக இருந்தால் ஓர் ஒழுங்கு வேண்டும். பழைய சிம் உயிரோடு இருக்கும்போதே முதலில் வங்கியில் மாற்றுங்கள். அடுத்தது ஆதார், ஆதார் மையத்தில் மாற்றலாம், இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி வழியாகத் தபால்காரரிடமும் இந்தச் சேவை உண்டு. பிறகு கூகுள், அதன்பின் வாட்ஸ்அப்பில் ‘எண்ணை மாற்று’ என்ற வசதி, கடைசியாகக் குடும்ப அட்டையும் எரிவாயுவும். இவ்வளவும் முடிந்து ஒரு மாதம் வரை பழைய சிம்மைக் குறைந்த ரீசார்ஜில் வைத்திருந்தால், எதையாவது விட்டிருக்கிறோமா என்பது அதற்கு வரும் குறுஞ்செய்திகளிலேயே தெரிந்துவிடும். உங்கள் பெயரில் யாராவது சிம் வாங்கியிருக்கிறார்களா என்பதையும் இதே மூச்சில் பார்த்துவிடலாம். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்து, வரும் ஓடிபியைப் போட்டால், உங்கள் அடையாளத்தில் வாங்கப்பட்ட இணைப்புகளின் பட்டியல் வரும். தெரியாத எண் இருந்தால், அது என்னுடையது இல்லை என்று அங்கேயே புகார் பதியலாம். ஒருவர் பெயரில் ஒன்பது இணைப்பு வரை சட்டம் அனுமதிப்பதால், கூடுதலாக ஒன்றிரண்டு இருந்தால் நிறுவனத்தின் கண்ணில் படாது. நாம்தான் பார்க்க வேண்டும்.

எண்ணுக்கு அடுத்தது கூகுள் கணக்கு. பேருந்து நிலையத்தை ஒட்டிய செல்போன் கடையில் புதிய போன் ஒன்று வேலைக்குத் தயாராவதைக் கவனியுங்கள். பெட்டியைப் பிரித்து, சிம்மைப் போட்டு, மொழியைத் தேர்ந்ததும் போன் ஒரு ஜிமெயில் கேட்கிறது. “மெயில் ஐடி இருக்குதுங்களாண்ணா?” என்கிறார் கடைக்காரர். இல்லை என்றதும், கூட்டம் நிற்கிற அவசரத்தில், பெயரோடு நான்கு இலக்கம் சேர்த்துத் தானே ஒன்றைத் தொடங்குகிறார். கடவுச்சொல் வாங்கியவரின் பெயரும் 123-உம், அல்லது போன் எண்ணேதான். மீட்பு எண் கேட்கும் இடத்தில் சிலசமயம் கடை எண்ணே போய்விடும். அதை அவர் பெட்டியின் மேல் எழுதிக் கொடுத்தால் உண்டு. பெட்டியோ பரணுக்குப் போய்விடும். இதில் கடைக்காரரின் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து அந்தப் போனில் சேரும் தொடர்பு எண்கள், எடுக்கும் படங்கள், யூடியூபில் பார்த்தது, குரோமில் சேமித்த கடவுச்சொற்கள் எல்லாம், உரியவரே அறியாத கடவுச்சொல் கொண்ட ஒரு கணக்கில் போய்ச் சேருகின்றன. போன் தொலைந்தால் அவை அத்தனையும் போய்விடும். கடவுச்சொல் வேறு யாருக்காவது தெரிந்தால் அவை அவருக்கும் கிடைக்கும்.

இதைச் சரிசெய்யக் கால் மணி நேரம் போதும். போனின் செட்டிங்ஸில் ‘கூகுள்’ என்பதைத் தொட்டு, உங்கள் கணக்கை நிர்வகிக்கும் பக்கத்துக்குப் போய், ‘பாதுகாப்பு’ என்ற பகுதியைத் திறங்கள். போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றிவிட்டால் இந்தப் பக்கங்கள் தமிழிலேயே வரும். இவ்வளவு ஆங்கிலத்தை யார் படிப்பது என்ற தயக்கத்துக்கு இது பதில். அங்கே முதலில் மீட்பு எண்ணையும் மீட்பு மின்னஞ்சலையும் பாருங்கள். தெரியாத எண் இருந்தால் நீக்கி உங்களுடையதைப் போடுங்கள். அதன் பிறகுதான் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். வரிசை மாறினால், மறந்துபோகும் நாளில் திரும்பவும் அந்தப் பழைய எண்ணையே தேடிப் போக வேண்டி வரும். அடுத்து ‘உங்கள் சாதனங்கள்’ என்ற பட்டியல். எப்போதோ பிரவுசிங் சென்டரில் ஹால் டிக்கெட் எடுக்கத் திறந்த கணினி, விற்றுவிட்ட பழைய போன், எதுவும் அதில் உயிரோடு இருக்கலாம், ஒவ்வொன்றாக வெளியேற்றுங்கள். இறுதியாக இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்குங்கள். செயல்பாட்டுப் பதிவுகள் தானாக அழிய 3, 18, 36 மாதம் என்று கூகுள் தருகிற தேர்வில் 3 மாதத்தைத் தொடுங்கள். இரண்டு ஆண்டு தொடாமல் விட்ட கணக்கை 2023 டிசம்பர் முதல் கூகுள் அழிக்கத் தொடங்கியிருப்பதால், பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பத்துக்கென்று தொடங்கி மறந்த கணக்கு இருந்தால் அதையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது.

இங்கே ஒரு மறுப்பு வரும்; நியாயமான மறுப்பு. “எல்லாமே ஏற்கெனவே வெளியே போய்விட்டதே, இனிப் பூட்டி என்ன பயன்?” என்பது அது. போனது உண்மைதான். 2021 ஜூனில், தமிழ்நாட்டுப் பொது விநியோகத் திட்டப் பயனாளிகள் சுமார் 50 லட்சம் பேரின் ஆதார் எண், முகவரி, குடும்ப உறுப்பினர் விவரம் ஆகியவை ஹேக்கர்கள் கூடும் தளம் ஒன்றில் கிடப்பதாக ஒரு சைபர் பாதுகாப்பு நிறுவனம் கண்டு சொன்னது. 2023 ஜூனில், கைபேசி எண்ணைக் கொடுத்தால் தடுப்பூசி போட்டவரின் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் போட்ட மையத்தையும் சொல்லும் டெலிகிராம் பாட் ஒன்று பல நாள் செய்தியாக இருந்தது. கொரோனா தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் தளம் பாதுகாப்பாகவே இருக்கிறது என்று மத்திய அரசு சொன்னது. எப்படி இருந்தாலும், பெயரும் எண்ணும் முகவரியும் இனி ரகசியம் இல்லை என்று வைத்துக்கொள்வதே விவேகம். ஆனால் அதிலிருந்து இந்த மறுப்பு எடுக்கும் முடிவுதான் தலைகீழானது. நம் வீட்டு முகவரி தெருவுக்கே தெரியும். அதற்காக யாரும் இரவில் கதவைத் திறந்துவைத்துத் தூங்குவதில்லை. கசிந்தவை பெயர், எண், முகவரி போன்ற விவரங்கள். கணக்கைத் திறப்பவை ஓடிபி, கடவுச்சொல், வாட்ஸ்அப்பின் ஆறு இலக்க பின் ஆகியவை. இவை கசிந்த பட்டியலில் இல்லை, நாமே கொடுத்தால்தான் இவை வெளியே போகும். அதைக் கொடுக்க வைப்பதற்குத்தான் கசிந்த விவரம் பயன்படுகிறது. அழைப்பவர் உங்கள் பெயர், கணவர் பெயர், ரேஷன் அட்டையில் எத்தனை பேர் என்று எல்லாம் சொன்னால், உரிமைத் தொகை அலுவலகத்திலிருந்துதான் பேசுகிறார் என்று தோன்றிவிடும். கசிவு நடந்துவிட்ட பிறகு, என்னைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கிறதே என்பது அழைப்பவரை நம்புவதற்கான காரணமாக இருக்க முடியாது.

ஓடிபி பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் “ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்” என்ற அறிவுரை இந்த மாவட்டத்து வாழ்க்கையோடு ஒட்டவில்லை. மகன் பெங்களூரில், அம்மாவின் வங்கி எண் அவனிடம். அம்மா இ-சேவை மையத்தில் நின்றுகொண்டு, “தம்பி, நம்பர் ஒண்ணு வந்திருக்கும் பாரு, சொல்லு” என்று கேட்கிறார். அவன் போனில் சொல்கிறான். சிலிண்டர் கொண்டுவருபவரிடம் ஓர் எண்ணைச் சொன்னால்தான் சிலிண்டர் இறங்கும். தினமும் சொல்லிப் பழகிய ஒன்றைச் சொல்லாதே என்றால் யார் காதில் ஏறும்? மோசடிக்காரர் புதிதாக எதையும் கற்பிப்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் இந்தப் பழக்கத்துக்குள் நுழைந்துகொள்கிறார், அவ்வளவுதான். எனவே பயன்படக்கூடிய விதி வேறு. வந்த எண் நாம் தொடங்கிய வேலைக்கு வந்ததா, யாரோ தொடங்கிய வேலைக்கு வந்ததா என்று கேளுங்கள். சிலிண்டர் நாம் பதிவு செய்தது, ஆள் வாசலில் நிற்கிறார்; சொல்லலாம். சான்றிதழுக்கு நாமே மையத்தில் உட்கார்ந்திருக்கிறோம், திரை நம் முன்னால் இருக்கிறது. அந்த எண்ணை நாமே தட்டச்சு செய்யலாம். நாம் ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும்போது ஓர் எண் வந்து, அதைக் கேட்டு ஓர் அழைப்பும் வந்தால், யாரோ நம் கணக்கைத் திறந்துகொண்டிருக்கிறார்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் கடைப்பிடிக்கக்கூடிய விதி இது. கூடவே, அம்மாவின் கணக்கை அம்மாவின் எண்ணுக்கே மாற்றிவிட்டால், எண்ணைத் தொலைபேசியில் கடத்தும் பழக்கமே தேவைப்படாது. பட்டன் போன் என்றாலும் ஓடிபி வரும்.

மாற்றவே முடியாத ஒரு தகவலும் இருக்கிறது, அது கைரேகை. ஆதார் வழியாக விரல் வைத்துப் பணம் எடுக்கும் முறையில் ஓடிபி கிடையாது. 2023-இல் கர்நாடகத்தில், பத்திரப்பதிவுத் துறையின் தளத்திலிருந்து எடுத்த ஆவணங்களில் இருந்த ரேகையைப் போலியாகச் செய்து பணம் எடுத்த வழக்குகள் வெளிவந்தன. இதற்கு ஆதார் ஆணையம் வைத்திருக்கும் தடை, எம்ஆதார் செயலியிலோ தளத்திலோ கைரேகையைப் பூட்டிவிடும் வசதி. எல்லோரும் உடனே பூட்டுங்கள் என்று எழுதிவிடுவது எளிது. இங்கே அது சரியாகாது. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2020 முதல் விரல் வைத்துத்தான் பொருள் வாங்குகிறோம். பூட்டினால் அந்த இயந்திரமும் ஏற்காது. தற்காலிகமாகத் திறக்கலாம், சில நிமிடத்தில் திரும்பப் பூட்டிக்கொள்ளும், ஆனால் அதற்குப் போனும் நெட்டும் வேண்டும். சித்தேரி மலையிலோ வத்தல்மலையிலோ இதை எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒத்துவராது. என் கருத்தில், விரல் வைத்துப் பணம் எடுக்காதவர்களும், ரேஷனுக்கு வீட்டில் வேறொருவர் போகும் நிலையில் இருப்பவர்களும் பூட்டிவிடலாம். முதியோர் உதவித்தொகையை வங்கி முகவரிடம் விரல் வைத்து வாங்கும் பாட்டி பூட்ட வேண்டாம். அதற்குப் பதில், அந்தக் கணக்கில் உதவித்தொகையைத் தவிர வேறு பணத்தைத் தங்கவிடாமல், தக்காளி விற்ற பணத்தையும் பட்டுக்கூடு விற்ற பணத்தையும் வேறு கணக்கில் வைத்து, அந்த வேறு கணக்குக்கு விரல்வழிச் சேவை வேண்டாம் என்று வங்கியில் எழுதிக் கேட்கலாம்.

இரண்டாவது மறுப்பு, இ-சேவை மையமோ கணினிக் கடையோ இல்லாமல் எங்களால் ஒன்றும் முடியாதே என்பது. முடியாதுதான், அவர்கள் இல்லையென்றால் பாதி மாவட்டத்துக்குச் சாதிச் சான்றிதழே கிடைக்காது. சிக்கல், உதவி வாங்குவதும் கணக்கையே ஒப்படைப்பதும் ஒன்றாகிவிடுவதில் இருக்கிறது. 2020-இல் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் நடந்த பிஎம் கிசான் முறைகேட்டை நினைத்துப் பாருங்கள். விவசாயிகள் அல்லாதவர்கள் லட்சக்கணக்கில் சேர்க்கப்பட்டு 110 கோடி ரூபாய் போனது. வேளாண் துறையினரின் உள்நுழைவுப் பெயரும் கடவுச்சொல்லும் இடைத்தரகர்கள், தனியார் கணினி மையங்கள் கைக்குப் போனதுதான் அதன் வழி. கொரோனா நிவாரணம் என்று நம்பி ஆதார் நகலும் பாஸ்புக் நகலும் கொடுத்த எளிய மக்களின் கணக்கிலிருந்துதான் பிறகு பணம் திரும்பப் பிடிக்கப்பட்டது. அரசு அலுவலகத்தின் கடவுச்சொல்லுக்கே அந்தக் கதி என்றால், நம்முடையதை நாமே பிடித்துக்கொள்ள வேண்டும். மையத்தில் எப்போதும் உங்கள் எண்ணையே கொடுங்கள். வேலை சீக்கிரம் முடியும் என்பதற்காக மையத்தின் எண்ணைப் போட விடாதீர்கள். அடையாளத்துக்கு மட்டும் என்றால், முதல் எட்டு இலக்கம் மறைந்த ஆதார் நகல் இருக்கிறது. ஆணையத்தின் தளத்தில் இலவசமாக இறக்கலாம். பிரின்ட் எடுக்க ஜெராக்ஸ் கடை வாட்ஸ்அப்புக்கு ஆதாரை அனுப்புவது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்தக் கடைக் கணினியின் வாட்ஸ்அப் பக்கத்தைப் பார்த்தால், ஊரின் பாதிப் பேருடைய ஆதாரும் பாஸ்புக்கும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றும் வரிசையாக நிற்கும். தாள் கைக்கு வந்ததும், “அண்ணா, அந்த ஃபைலை அழிச்சிடுங்க” என்று அங்கேயே நின்று சொல்லுங்கள். நம் போனிலிருந்து ‘எல்லோருக்கும் நீக்கு’ கொடுத்தால் மட்டும் போதாது. கணினியில் இறங்கிய கோப்பு அப்படியே இருக்கும்.

இனி செயலிகளின் அனுமதிகள். ஒரு டார்ச் செயலி தொடர்பு எண்களைக் கேட்கிறது, நாமும் ‘அனுமதி’ என்று தொட்டுவிடுகிறோம். நம் பட்டியலில் இருப்பவை நம்முடைய தகவல்தானே என்று நினைக்கலாம். இல்லை. அவை மாமாவுடையவை, தலைமை ஆசிரியருடையவை, சுய உதவிக் குழுவில் இருக்கும் பதினான்கு பெண்களுடையவை. ஒருவர் கொடுக்கும் அனுமதி மற்றவர்களை எவ்வளவு தூரம் இழுத்துவிடும் என்பதற்கு முகநூலே ஒரு கணக்கு கொடுத்திருக்கிறது. 2018-இல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தில், தகவல் திரட்டப் பயன்பட்ட செயலியை இந்தியாவில் பதிவிறக்கியவர்கள் 335 பேர். நட்புப் பட்டியல் வழியாகத் தகவல் போயிருக்கக்கூடியவர்கள் 5,62,120 பேர். கடன் செயலிகள் இதைக் கண்முன்னே கொடுமையாக்கிக் காட்டின. தவணை தவறியவரின் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் அவரைத் திருடர் என்று செய்தி அனுப்பினார்கள், படத்தை ஆபாசமாக மாற்றி அனுப்பினார்கள். அந்த அவமானம் தாங்காமல் உயிரை விட்டவர்கள் தமிழ்நாட்டிலும் உண்டு. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் அழைப்புப் பதிவையும் படங்களையும் தொடக் கூடாது என்றது. கூகுளும் 2023 மே இறுதியிலிருந்து தன் பிளே ஸ்டோரில் அதைத் தடுத்தது. ஆகவே இன்று தொடர்புப் பட்டியலைக் கேட்கும் கடன் செயலி, கேட்கும் அந்த நொடியிலேயே விதிக்கு வெளியே நிற்கிறது. கடன் எவ்வளவு அவசரமானாலும் அங்கேயே நிறுத்திவிடலாம். வாட்ஸ்அப்பில் ஒரு லிங்காக வரும் செயலிக்கு, அது உரிமைத் தொகை நிலை அறியும் செயலி என்று சொன்னாலும், இதே பதில்தான்.

அனுமதி தராவிட்டால் செயலி வேலை செய்யாதே என்பார்கள். சில செய்யாது, வரைபடத்துக்கு இருப்பிடம் வேண்டும், வீடியோ அழைப்புக்குக் கேமரா வேண்டும். அவற்றுக்கும் ‘செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்’ என்ற தேர்வு போதும். மற்றவற்றுக்கு மறுத்துப் பாருங்கள். பெரும்பாலானவை முணுமுணுக்காமல் வேலை செய்யும். செட்டிங்ஸில் ‘அனுமதி நிர்வாகி’ என்ற பக்கத்தைத் திறந்தால், தொடர்பு, மைக், இருப்பிடம் என்று ஒவ்வொன்றையும் எந்தெந்தச் செயலி வைத்திருக்கிறது என்று காட்டும். பிள்ளைகள் இறக்கிய விளையாட்டுகளை அங்கே முதலில் பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் செய்ய வேண்டியவை அதிகம் இல்லை. கணக்குப் பகுதியில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி ஆறு இலக்க பின் போடுங்கள். பிறந்த தேதி வேண்டாம். இந்த பின் இருந்தால், ஓடிபியை ஏமாந்து சொல்லிவிட்டாலும் கணக்கை உடனே எடுத்துவிட முடியாது. குழுக்களில் சேர்ப்பதை ‘எனது தொடர்புகள்’ என்று மாற்றுங்கள். சுய உதவிக் குழுக்களின் வாட்ஸ்அப் குழுவில் உறுப்பினர் அனைவரின் ஆதார், கணக்கு எண், கடன் நிலுவை அடங்கிய பட்டியலைப் படமெடுத்துப் போடும் வழக்கம் இருந்தால், குழுத் தலைவி அதை நிறுத்த வேண்டும். ஊக்குநருக்குத் தேவை என்றால் தனியாக அனுப்பலாம். ஒருவர் எத்தனை தவணை பாக்கி என்பது மற்ற பதின்மூன்று வீட்டுக் கணவன்மாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

இங்கேதான் மூன்றாவது மறுப்பு வருகிறது, எனக்கு இதுவே எல்லாவற்றிலும் கனமாகப் படுகிறது. “மறைக்க என்ன இருக்கிறது? குடும்பத்துக்குள் என்ன ரகசியம்?” என்பார்கள். இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் போனை வைத்திருப்பவர்கள். பதில் சொல்ல வேண்டியவர்கள் போனைக் கேட்டு வாங்கிப் பயன்படுத்துபவர்கள். கல்லூரிக்குப் போகும் பெண்ணின் வாட்ஸ்அப்பை அண்ணனின் கணினியில் இணைத்து வைத்திருப்பது அவளுக்கே தெரியாமல் இருக்கலாம். ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற பக்கத்தைத் திறந்தால், எந்தக் கணினியில் கடைசியாக எப்போது திறக்கப்பட்டது என்று அது சொல்லும், அங்கேயே வெளியேற்றலாம். உடல்நலம் பற்றி ஒரு பெண் தேடிப் படித்தது, செவிலியருக்கு அனுப்பிய செய்தி, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தின் இருப்பு ஆகியவற்றில் குற்றம் எதுவும் இல்லை. குற்றம் இல்லாத இவற்றைத் தன்னோடு வைத்துக்கொள்ளும் உரிமை அவளுக்கு வேண்டும். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தனியுரிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்தார்கள். அந்த உரிமை தனிமனிதருக்கு உரியது, குடும்பத் தலைவருக்கு மட்டும் உரியது இல்லை. குழந்தைகளின் பாதுகாப்புக்குப் பெற்றோர் பார்க்க வேண்டியதை இது தடுக்கவில்லை. வயதுக்கேற்ப, அவர்கள் அறியப் பார்ப்பது வேறு, அறியாமல் வேவு பார்ப்பது வேறு. போன் ஒன்றுதான் என்றால், ஆண்ட்ராய்டில் பல பயனர் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் குறிப்பிட்ட உரையாடலை மட்டும் பூட்டலாம். உரிமைத் தொகை வரும் கணக்குக்கு அந்தப் பெண்ணின் பெயரில் ஒரு தனிச் சிம், பட்டன் போனாக இருந்தாலும், இந்தப் பகுதியில் நான் சொல்லும் வேறு எதையும்விடப் பயன்படும்.

சட்டம் காக்காதா என்று கேட்கலாம். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கவும், திருத்தவும், அழிக்கச் சொல்லவும், தமக்குப் பின் இந்த உரிமைகளை யார் பயன்படுத்தலாம் என்று ஒருவரை நியமிக்கவும் அது உரிமை தருகிறது. தவறு செய்த நிறுவனத்துக்கு 250 கோடி வரை அபராதம் உண்டு. அந்த அபராதம் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும்; இழந்தவருக்கு அந்தச் சட்டத்தில் இழப்பீடு கிடையாது. சட்டம் தேவை, வலுவாகவும் தேவை. ஆனால் பறிபோனதை அது திருப்பித் தரும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

பறிபோனால் நேரம்தான் எல்லாம். முதல் அழைப்பு சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு. பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்க முடிவது முதல் சில மணி நேரத்தில்தான். இரண்டாவது அழைப்பு வங்கிக்கு. 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி வகுத்த கணக்கு இது: உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் நடந்த பரிவர்த்தனையை, வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு இழப்பு இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாள் என்றால், ஜன்தன் போன்ற அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 5,000 ரூபாய், மற்ற சேமிப்புக் கணக்குக்கு 10,000 ரூபாய் வரை உங்கள் பொறுப்பு. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தாலும், புகார் கொடுத்த நேரத்துக்குப் பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு. அதனால் வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் வீட்டில் பேசாமல் இருக்காதீர்கள். வாட்ஸ்அப் பறிபோயிருந்தால் அதே சிம்மில் திரும்பப் பதிவு செய்யுங்கள், எதிராளி வெளியேறிவிடுவார். பிறகு உங்கள் பெயரில் பணம் கேட்டு யாருக்கெல்லாம் செய்தி போயிருக்கும் என்று பார்த்து அவர்களுக்குப் போன் போடுங்கள். வங்கிக் குறுஞ்செய்தியில் இருக்கும் பரிவர்த்தனை எண், தேதி, நேரம், 1930-இல் கொடுத்த புகார் எண் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி, அந்தக் குறுஞ்செய்தியை அழிக்காமல், மறுநாளே மாவட்ட சைபர் குற்றப் பிரிவுக் காவல் நிலையத்துக்கும் வங்கிக் கிளைக்கும் எடுத்துப் போங்கள். கிளையில் எழுதிக் கொடுக்கும் மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் வராதீர்கள்.